மலையில் விளைந்த சிவப்பு ஒயின்: மெண்டோசாவிலிருந்து சால்டா வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அர்ஜென்டினா ஒயின் பாட்டிலைத் திருப்பி, பின்பக்க லேபிளைப் பாருங்கள். பல பாட்டில்களில் ஓர் எண் இருக்கும்: 980, 1,100, 1,450, 2,300. அந்தத் திராட்சை கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டரில் விளைந்தது என்ற கணக்கு அது. பெரும்பாலும் எண் ஏற ஏற விலையும் ஏறும். கடைக்காரரும் அதைக் காட்டித்தான் விற்பார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண் தரத்துக்கான முத்திரை அல்ல, வெறும் துப்பு. தோட்டம் எந்த அட்சரேகையில் இருக்கிறது, மண் எப்படி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்தத் துப்பு உதவும். தெரியாவிட்டால் 1,450 என்பது அலங்காரம்.

மலை ஒயினைப் பழகிக்கொள்ள அர்ஜென்டினாவைப் போல வசதியான நாடு வேறு இல்லை. மால்பெக் என்ற ஒரே திராட்சையை, 700 மீட்டர் சமவெளியில் தொடங்கி 3,000 மீட்டர் தாண்டியும் அங்கே பயிரிடுகிறார்கள். திராட்சை மாறாமல் உயரம் மட்டும் மாறும்போது நாக்கில் என்ன மாறுகிறது என்று நேரடியாகவே பார்த்துவிடலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஆண்டஸ் மலையடிவாரத்திலேயே நடக்கும். கடைசியில் மட்டும் ஒரு எட்டு வேறு மலைகளுக்குப் போகலாம்.

முதல் படி: உயரம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். அர்ஜென்டினாவில் ஒயினுக்குப் பேர்போன மெண்டோசா மாகாணத்தின் தலைநகரான மெண்டோசா நகரம் 750 மீட்டர் அளவில் இருக்கிறது. துபுங்காதோ வட்டாரத்தின் குவால்தஷாரியில் இருக்கும் தோட்டங்கள் 1,400 மீட்டரைத் தொடுகின்றன. இரண்டுக்கும் இடையில் கார் பயணம் ஒன்றரை மணி நேரம்போல ஆகும். ஆனால் வெப்பத்தில் ஏறக்குறைய 4 டிகிரி வித்தியாசம். திராட்சைக்கு இது பெரிய வித்தியாசம். கீழே பிப்ரவரியிலேயே பழுத்துவிடும் பழம், மேலே ஏப்ரல் வரை கொடியில் தொங்கும்.

பகலைவிட இரவுதான் முக்கியம். திராட்சையில் சர்க்கரை பகல் வெயிலில் ஏறுகிறது. புளிப்பைத் தருவதில் ஒன்றான மாலிக் அமிலத்தைக் காய் தன் சுவாசத்துக்காகச் செலவழித்துக்கொண்டே இருக்கும். வெப்பம் கூடினால் அந்தச் செலவும் கூடும். மலையில் சூரியன் சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரிக்கு மேல் வேறுபடுவது, துபுங்காதோவை உள்ளடக்கிய ஊக்கோ பள்ளத்தாக்கில் சாதாரணம். குளிரில் சுவாசம் மெதுவாகிறது, புளிப்பு மிஞ்சுகிறது. நன்றாகப் பழுத்த பழத்திலும் புளிப்பு குறையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். மலை ஒயினின் உயிரே அந்தப் புளிப்பில் இருக்கிறது என்பேன். சூடான சமவெளிகளில் புளிப்பு போதாமல் போனால் ஆலையில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் சேர்த்த புளிப்பு சில சமயம் ஒயினோடு ஒட்டாமல் தனியாக நாக்கில் குத்தும்.

அடுத்தது புற ஊதாக் கதிர். 1,000 மீட்டர் ஏறினால் அது சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. மெண்டோசாவில் மழையும் மேகமும் அபூர்வம் என்பதால் வெயில் நேராக விழும். வயலில் நிற்பவர் மேனி கறுப்பதைப் போல, திராட்சையும் தன்னைக் காத்துக்கொள்ளத் தோலில் நிறமிகளையும் துவர்ப்புப் பொருள்களையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமி கடும் வெப்பத்தில் சிதையும், குளிர்ந்த இரவில் தங்கும். மலை மால்பெக் கண்ணாடிக் கோப்பையில் மை மாதிரி தெரிவதற்கு இந்த இரண்டும் சேர்ந்து காரணம்.

மண்ணும் உயரத்தோடு மாறுகிறது. ஆண்டஸிலிருந்து இறங்கிய ஆறுகள் பெரிய கற்களை மேலேயே போட்டுவிட்டு, வண்டலைக் கீழே கொண்டுபோயின. அதனால் மேட்டு நிலத்தில் உருண்டைக் கற்கள், சரளை, மணல். குவால்தஷாரியிலும், ஊக்கோவின் இன்னொரு பகுதியான பராஹே அல்தமீராவிலும் தோட்டத்தில் குழி வெட்டிப் பார்த்தால், கற்களின் மேல் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். பூசியதல்ல, கால்சியம் கார்பனேட் தானாகவே படிந்தது. சத்தும் ஈரமும் குறைந்த நிலம் என்பதால் காய் சிறுத்துப்போகிறது. காய் சிறுத்தால் சாற்றோடு ஒப்பிடத் தோலின் பங்கு கூடும். நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கின்றன.

தண்ணீர்க் கதை தனி. மெண்டோசாவில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான் மழை. அது பாலை நிலம். ஆண்டஸில் பனி உருகி மெண்டோசா, துனுஷான் ஆறுகளில் வரும் நீரைக் கால்வாய் வெட்டிப் பாய்ச்சித்தான் இந்த விவசாயம் நடக்கிறது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே உவார்பே மக்கள் அந்தக் கால்வாய்களைத் தொடங்கிவிட்டார்கள். மெண்டோசா நகரத் தெருவோரங்களில் இன்றைக்கும் வாய்க்கால் ஓடுகிறது. வறண்ட காற்றில் பூஞ்சை நோய் குறைவு என்பதால் மருந்தடிப்பும் குறைவு. ஆனால் தண்ணீர் கிடைக்காத இடத்தில் எவ்வளவு உயரம் இருந்தாலும் கொடி இல்லை. பழைய வாய்க்கால்கள் எட்டாத மேட்டு நிலங்களில் ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீரும் வந்த பிறகே தோட்டம் வந்தது.

ஆபத்துகளும் உண்டு. கோடையில் ஆலங்கட்டி மழை பத்து நிமிடத்தில் ஒரு வருட விளைச்சலை அடித்துவிடும். அதனால்தான் வரிசை வரிசையாகக் கொடிகளின் மேல் கறுப்பு வலை போர்த்தியிருக்கிறார்கள். வசந்தத்தில் தளிர் விட்ட பிறகு உறைபனி விழுந்தால் தளிர் கருகும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் பார்த்து வழியும். ஆகவே சரிவில் இருக்கும் தோட்டம் தப்பிக்கும், அதைவிடத் தாழ்வான குழிப்பகுதி மாட்டிக்கொள்ளும். மலையிலிருந்து இறங்கும் சோண்டா என்ற வறண்ட வெப்பக்காற்று, பூக்கும் பருவத்தில் வந்தால் பூவையே உதிர்த்துவிடும்.

இரண்டாம் படி: மீட்டரை அட்சரேகையோடு சேர்த்துப் படியுங்கள்

மெண்டோசா 33 டிகிரி தெற்கு. சால்டா மாகாணத்தின் கஃபாயாதே 26 டிகிரி தெற்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு இன்னும் பக்கம். இதனால் கஃபாயாதேயின் 1,700 மீட்டர், மெண்டோசாவின் 1,700 மீட்டர் இல்லை. கஃபாயாதேயில் அந்த உயரத்தில் மால்பெக் தாராளமாகப் பழுக்கும். மெண்டோசாவில் அதே உயரத்தில் பழுக்க வைப்பதே பெரும்பாடு.

இன்னும் விலகிப் பார்த்தால் எண்கள் வேடிக்கையாகத் தெரியும். கலிபோர்னியாவின் ஹோவெல் மவுண்டன் பகுதி சுமார் 430 மீட்டரில் தொடங்குகிறது. அங்கே அதுவே மலை, காரணம் நாபா பள்ளத்தாக்கை மூடும் மூடுபனிக்கு மேலே நிற்கிறது. ஆல்ப்ஸில் 1,100 மீட்டர் என்றால் திராட்சை விளையும் விளிம்பு. சீனாவின் யுன்னான் மாகாணத்தில், 28 டிகிரி வடக்கில், 2,200 மீட்டருக்கு மேலே காபர்னே சோவிஞோன் என்ற சிவப்புத் திராட்சை பழுக்கிறது. திபெத்தில் லாசாவுக்கு அருகே 3,500 மீட்டருக்கும் மேலே திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 'உலகிலேயே உயரமான' என்று லேபிளில் பார்த்தால், அது ஒயினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: மால்பெக்கை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்

தென்மேற்கு பிரான்சின் காஓர் பகுதிதான் இதன் சொந்த ஊர். அங்கே கோ என்றும் அழைப்பார்கள். 1853-இல் மிஷேல் எமே பூழே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் மெண்டோசாவில் விவசாயப் பண்ணை தொடங்கப் போனபோது கொண்டுபோன கொடிகளில் இதுவும் ஒன்று. பின்னாளில் அர்ஜென்டினாவின் அதிபரான சார்மியெந்தோ அந்தத் திட்டத்துக்காக வாதாடியவர். அந்த ஆண்டு ஏப்ரல் 17-ஐ நினைவில் வைத்து இப்போது உலக மால்பெக் தினம் கொண்டாடுகிறார்கள். ஊருக்கு வந்த விருந்தாளி செழித்துவிட்டான், பிறந்த வீட்டில் கதை வேறு. 1956 பிப்ரவரி உறைபனியில் காஓரின் கொடிகளில் பெரும்பகுதி செத்துப்போனது.

அர்ஜென்டினாவிலும் மால்பெக்குக்கு எப்போதும் மதிப்பு இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏராளமான பழைய கொடிகளைப் பிடுங்கிப்போட்டார்கள். நிக்கோலாஸ் கத்தேனா சப்பாத்தா என்ற மெண்டோசா ஒயின் தயாரிப்பாளர் கலிபோர்னியாவைப் பார்த்துவிட்டு வந்து, குளிர்ந்த இடம் தேடி மேலே ஏறினார். 1992-இல் குவால்தஷாரியில் ஏறக்குறைய 1,450 மீட்டரில் அட்ரியானா என்ற தோட்டத்தை நட்டார். அந்த உயரத்தில் சிவப்புத் திராட்சை பழுக்காது என்பதே அன்றைய பொது அபிப்பிராயம். பழுத்தது. அதன் பிறகு ஊக்கோ பள்ளத்தாக்கை நோக்கி ஓட்டம்தான்.

இன்னொரு சங்கதி. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி இங்கே அந்த அளவுக்கு நாசம் செய்யவில்லை. ஆகவே அந்தப் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் இங்கே ஏராளம். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நடந்தவர்களுக்கு மெண்டோசாவின் பழைய தோட்டங்கள் அந்நியமாகத் தெரியாது. அங்கேயும் பந்தல்தான், குலை தலைக்கு மேல் நிழலில் தொங்கும். உயரத்துப் புதிய தோட்டங்களில் பந்தல் குறைவு, கம்பி கட்டிய தாழ்வான வரிசைகளே அதிகம்.

நான்காம் படி: மூன்று மண்டலத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

கீழ் மண்டலம்: மைப்பூ, லுஹான் தே குஷோ. சுமார் 750-இலிருந்து 1,100 மீட்டர் வரை. பழைய தோட்டங்கள் இங்கேதான். லாஸ் கொம்புவெர்தாஸ், விஸ்தால்பா, பெர்த்ரியேல், அக்ரேலோ என்று லேபிளில் வரும். ஒயின் மெத்தென்று இருக்கும். பழுத்த பிளம், கொஞ்சம் சாக்லேட், துவர்ப்பு மிருது, புளிப்பு அடக்கம். சிவப்பு ஒயின் புதிதாகக் குடிப்பவர்களுக்கு உடனே பிடிப்பது இதுதான். 'கீழ்' என்று சொன்னதால் மட்டமாக நினைக்க வேண்டாம். இங்கே இருக்கும் வயதான கொடிகளின் ஒயின் ஒன்றுக்கு முன்னால் மலையில் விளைந்த பல ஒயின்கள் நிற்காது.

நடு மண்டலம்: ஊக்கோ பள்ளத்தாக்கு. மெண்டோசா நகருக்குத் தெற்கே. துபுங்காதோ, துனுஷான், சான் கார்லோஸ் என்று மூன்று வட்டாரம். உயரம் சுமார் 900-இலிருந்து 1,500 மீட்டரும் அதற்கு மேலும். இங்கே ஊர்ப்பெயர் முக்கியம். குவால்தஷாரி ஒயினில் வயலட் பூ வாசமும், மூலிகைக் காரமும், சுண்ணாம்பைத் தொட்ட மாதிரி ஒரு வறட்சியும் வரும். பராஹே அல்தமீரா இன்னும் இறுக்கம், துவர்ப்பு நுணுக்கம், இளமையில் கொஞ்சம் முகம் கொடுக்காது. லோஸ் சகாஷேஸ் கல்மண், ஒயினிலும் அந்த முரட்டுத்தனம் உண்டு. சான் பாப்லோ இன்னும் குளிர்ச்சி. ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் ஊக்கோவிலிருந்து வாங்குங்கள்.

மேல் மண்டலம்: சால்டாவின் கல்சாக்கி பள்ளத்தாக்குகள். கஃபாயாதே 1,700 மீட்டர். அங்கிருந்து வடக்கே மொலினோஸ், பய்யோகஸ்தா என்று ஏறிக்கொண்டே போகும். 1831-இல் தொடங்கிய கொலோமே ஆலை சுமார் 2,300 மீட்டரில் இருக்கிறது. சுவிஸ்காரரான டொனால்ட் ஹெஸ் 2001-இல் அதை வாங்கினார். அவர்களுடைய அல்த்துரா மாக்ஸிமா தோட்டம் 3,111 மீட்டரில். இந்தப் பக்கத்து மால்பெக் கறுத்து, அடர்ந்து, மிளகும் உலர்ந்த மிளகாயும் வாசனை காட்டும். மதுச்சத்தும் 14 சதவீதத்தைத் தாண்டி 15-ஐத் தொடுவது உண்டு. வெயில் அப்படி. குளிர்ந்த இடத்து ஒயின் என்றால் மெலிந்து இருக்கும் என்ற எண்ணத்தைச் சால்டா உடைத்துப்போடும். எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கே ஒரு கோப்பை போதும், இரண்டாவதுக்கு ஊக்கோ பக்கம் திரும்பிவிடுவேன்.

ஐந்தாம் படி: லேபிளைப் படியுங்கள்

ஸ்பானிய எழுத்தில் 'எம்.எஸ்.என்.எம்.' என்ற சுருக்கம் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் அது கடல்மட்டத்திலிருந்து மீட்டர். அந்த எண்ணோடு ஊர்ப்பெயரும் இருக்கிறதா பாருங்கள். 'மெண்டோசா' என்று மட்டும் இருந்து உயரத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் சந்தேகப்படலாம். பல இடத்துத் திராட்சையைக் கலந்திருப்பார்கள். அதில் தப்பில்லை, ஆனால் உயரத்தைச் சுவைத்துப் பார்க்க அந்தப் பாட்டில் உதவாது.

திராட்சைப் பெயர் போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சை இருக்க வேண்டும். 'ரெசெர்வா' என்றால் சிவப்பு ஒயினுக்குக் குறைந்தது 12 மாதம், 'கிரான் ரெசெர்வா' என்றால் 24 மாதம் பக்குவப்படுத்தியிருக்க வேண்டும். இவை காலக் கணக்குதான். ஓக் பீப்பாயில் நீண்ட நாள் இருந்த ஒயினில் வனிலாவும் வறுத்த வாசனையும் ஏறி, மலை கொடுத்த வாசனையை மூடிவிடும். ஆகவே பழகும்போது கிரான் ரெசெர்வா வேண்டாம். பழைய ஓக்கிலோ கான்கிரீட் தொட்டியிலோ வைத்ததாகப் பின்லேபிளில் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். முட்டை வடிவ கான்கிரீட் தொட்டி ஊக்கோவில் இப்போது பரவலாக இருக்கிறது.

அறுவடை ஆண்டு: 2016 குளிரும் மழையுமான வருடம், ஒயின் மெலிவு, நல்ல புளிப்பு. 2018, 2019 இரண்டும் பாராட்டுப் பெற்றவை. 2020 சூடு, அறுவடை சீக்கிரம் முடிந்தது. 2021 குளிர்ச்சி. 2022 அக்டோபர் கடைசியில் விழுந்த உறைபனியால் 2023 அறுவடையில் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. தென்கோளம் என்பதால் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஐரோப்பாவின் அதே வருட ஒயினைவிட அரை வருடம் மூத்தது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆறாம் படி: இரண்டு பாட்டில் வாங்குங்கள்

ஒன்று போதாது. ஒரே ஆலையின், ஒரே ஆண்டின், ஏறக்குறைய ஒரே விலையுள்ள மால்பெக் இரண்டு. ஒன்று லுஹான் தே குஷோ, மற்றது ஊக்கோவில் பெயர் சொன்ன ஊர். இது கிடைக்காவிட்டால் ஆலையில் விட்டுக்கொடுங்கள், விலையில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டின் விலையும் வெகுதூரம் விலகியிருந்தால் நீங்கள் ஒப்பிடுவது உயரத்தையல்ல, பீப்பாய்ச் செலவை.

நம் ஊர் வெயிலில் கடை எப்படி வைத்திருக்கிறது என்பதே பாதி விஷயம். ஏ.சி. இரவில் அணைகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கண்ணாடி ஜன்னலோரம் அடுக்கியது வேண்டாம். கார்க் பாட்டில் வாயை மீறி எழும்பியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுவென்று ஒயின் கசிந்த தடம் இருந்தாலோ அது வெந்த ஒயின். திருகுமூடி போட்ட பாட்டில் கிடைத்தால் மனக்குறையே வேண்டாம். இளமையில் குடிக்கும் ஒயினுக்கு அது தாராளமாகப் போதும்.

ஏழாம் படி: குளிரவையுங்கள்

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளுக்குப் பொருந்தும். சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ அறை வெப்பம் 30. அந்த வெப்பத்தில் மதுவின் வீச்சம் மட்டும் மூக்கில் ஏறும், புளிப்பு மழுங்கும். மலை ஒயினுக்குக் கூடுதல் விலை கொடுத்தது அந்தப் புளிப்புக்காக, அதையே நாம் கெடுத்துக்கொள்கிறோம்.

இலக்கு 16 டிகிரி. ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம்போல வையுங்கள். அவசரமென்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்டு, கழுத்து வரை மூழ்கும்படி பத்து நிமிடம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் நேரம் கூடும், தண்ணீர்தான் பாட்டிலை முழுதும் தொட்டுச் சூட்டை எடுக்கும். கோப்பையில் ஊற்றியதும் நம் ஊரில் சீக்கிரம் சூடேறும் என்பதால் இரண்டு டிகிரி குறைவாகவே தொடங்கலாம். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார வேண்டாம், வாசனை பறந்துவிடும்.

எட்டாம் படி: பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள்

ஒரே மாதிரியான இரண்டு கோப்பை. ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை அளவு. அதற்கு மேல் ஊற்றினால் சுழற்ற முடியாது.

வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். இளம் மால்பெக்கின் நடு கறுப்பாக இருக்கும், விளிம்பில் கத்தரிப்பூ நிறம் ஓடும். உயரத்து ஒயினில் அந்த விளிம்பு நிறம் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். பிறகு சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், சுழற்றி இன்னொரு முறை. கீழ் மண்டல ஒயினில் வேகவைத்த பழம், ஜாம். மேல் பக்கத்து ஒயினில் பறித்த பழம், பூ, தைம் மாதிரி காட்டு மூலிகை. பூ வாசம் முதல் இரண்டு நிமிடத்தில் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வரலாம்.

வாயில் வைத்ததும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். தாடையின் இரு ஓரமும் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பு. விழுங்கிய பிறகும் ஊறிக்கொண்டே இருந்தால் புளிப்பு நிறைய. ஈறும் மேலுதட்டின் உட்புறமும் வறண்டு பிடிக்கிறதா? அது துவர்ப்பு. மலை ஒயினில் துவர்ப்பு அளவில் கூடியிருந்தாலும் நயமாக, மெல்லிய மாவு மாதிரி படியும். கரடுமுரடாகச் சுரண்டினால் பழம் முற்றவில்லை அல்லது ஓக் அதிகம். மூன்றாவது, தொண்டையில் சூடு. அது மது. சால்டா ஒயினில் இந்தச் சூடும் அந்தப் புளிப்பும் ஒன்றையொன்று சமாளிக்கின்றனவா என்று பாருங்கள். சமாளித்தால் நல்ல ஒயின்.

விழுங்கியபின் வாயில் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வெளிப்படும். தோழர்கள் கூட இருந்தால் ஒருவர் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் கொடுப்பது நல்லது. லேபிளைப் பார்த்துவிட்டால் நாக்கு மீட்டரைத்தான் சுவைக்கும்.

ஒன்பதாம் படி: சாப்பாடு

அர்ஜென்டினாவில் இதற்கு ஜோடி விறகுத் தணலில் சுட்ட மாட்டிறைச்சி, மேலே கல்லுப்பு, வேறு மசாலா இல்லை. கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும், உப்பு பழச்சுவையை எடுத்துக்கொடுக்கும். மாடு சாப்பிடாதவர்கள் ஆட்டுத் தொடையை அதே முறையில் சுடலாம்.

நம் சமையலில் தடங்கல் மிளகாய். காரமும் மதுவும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும், 15 சதவீத சால்டா ஒயினோடு ஆந்திரா மட்டன் என்றால் வாய் புண்ணாகும். மிளகு அப்படியில்லை. மிளகு தூக்கலாக, மிளகாய் கம்மியாகச் செய்த மட்டன் சுக்காவுக்கு ஊக்கோ மால்பெக் நன்றாகவே ஈடுகொடுக்கும். புளி ஊற்றிய மீன்குழம்பு வேண்டவே வேண்டாம். மீன் எண்ணெயும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும். சைவத்தில் சுட்ட கத்தரிக்காய், வதக்கிய காளான், முற்றிய பாலாடைக்கட்டி.

மிச்சம் இருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். புளிப்பு நிறைந்த ஊக்கோ ஒயின் இரண்டு மூன்று நாள் தாங்கும், மறுநாள் சில சமயம் முந்தைய நாளைவிட நன்றாகவே இருக்கும். நல்ல பாட்டிலை வருடக்கணக்கில் வைக்கும் ஆசை இருந்தால் 12 முதல் 15 டிகிரியில் நிற்கும் ஒயின் ஃபிரிட்ஜ் வேண்டும். அலமாரியில் வைத்தால் ஒரு கோடைக்குள் கதை முடிந்துவிடும்.

பத்தாம் படி: மால்பெக்கிலிருந்து வெளியே வாருங்கள்

முதலில் அதே ஊக்கோவில் காபர்னே ஃபிரான்க் என்ற திராட்சை. குவால்தஷாரியில் அதற்கு இப்போது தனி மவுசு, அது நியாயமானதுதான். சால்டாவிலும் பொலிவியாவின் தாரிஹாவிலும் தன்னா என்ற திராட்சை. துவர்ப்பு பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

அதன் பிறகு கட்டாயம் எட்னா. சிசிலித் தீவின் உயிருள்ள எரிமலை. அதன் வடக்குச் சரிவில் 600-இலிருந்து 1,000 மீட்டர் வரை, கறுப்பு எரிமலை மண்ணில், நெரெல்லோ மஸ்கலேஸே என்ற திராட்சை. எட்னா ரோஸ்ஸோ என்ற பெயரில் விற்கும் ஒயினில் அது குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். இதைக் கோப்பையில் ஊற்றினால் ஊடே விரல் தெரியும், அவ்வளவு வெளிர் சிவப்பு. மலை என்றால் கறுப்பு என்று இதுவரை நான் சொன்னதெல்லாம் இங்கே செல்லாது, ஏனென்றால் இந்தத் திராட்சையின் தோலிலேயே நிறம் குறைவு. வெயில் எவ்வளவு விழுந்தாலும், திராட்சைக்கு இயல்பாக உள்ள நிறத்தைத்தான் கூட்ட முடியும். ஆனால் புளிப்பும், நயமான துவர்ப்பும், மூலிகை வாசமும் அப்படியே இருக்கும். ஸ்பெயினில் மத்ரிதுக்கு மேற்கே உள்ள கிரேதோஸ் மலையின் கர்னாச்சா என்ற திராட்சையும் இதே ஜாதி.

எட்னா ரோஸ்ஸோ வாங்கும்போது லேபிளில் 'கொன்த்ராதா' என்ற சொல்லுக்குப் பிறகு வரும் பெயரைப் பாருங்கள், அது தோட்டம் இருக்கும் பகுதியின் பெயர். பழைய எரிமலைக் குழம்பு ஓடிய தடங்களைப் பொறுத்து அடுத்தடுத்த பகுதிகளிலேயே மண் மாறும். மால்பெக்கைவிட இதை இரண்டு டிகிரி கூடுதலாகக் குளிரவைத்து, வயிறு அகன்ற கோப்பையில் ஊற்றி, மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட கோழி வறுவலோடு தொடங்குங்கள்.